நான் பிடித்த கடல் முயலுக்கு மூன்றே கால்

பட்டுக்கோட்டையில் எனக்கு உரம், பூச்சிமருந்துக் கடை. சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்துவிட்டால் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். உளுந்து தெளித்தவர்கள் எப்போதாவது வருவார்கள். அந்த மாதங்களில் விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மல்லிப்பட்டினம் போய் நண்டு வாங்கி வருவது என் வழக்கம். அங்கே நண்டு வலை போடும் தம்பி ஒருவர் பழக்கம். அவருடைய வத்தை (சின்னப் படகு) கரைக்கு வரும் நேரம் நான் நின்றால், வலையிலிருந்து கழற்றும்போதே சதைப்பிடிப்பான நண்டாக ஒதுக்கி வைப்பார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்படி நின்ற ஒரு காலையில், வலையில் சுற்றிய கடல்புல்லோடு ஒரு கட்டி வந்து விழுந்தது. பாசி படிந்த கல் மாதிரி பச்சையும் பழுப்புமாக, ஒரு சாண் நீளம், மேலெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள். குனிந்து தொடப் போனேன்.

"அண்ணே, அது அட்டைண்ணே. கையில எடுக்காதீங்க, எவனாச்சும் பார்த்தா கேஸாயிடும்" என்றார் தம்பி.

கடல் அட்டை பிடிப்பதற்கு 2001லிருந்து தடை. இந்தக் கரையில் அந்தப் பேரைச் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் துடுப்பால் அதைத் தண்ணீர்ப் பக்கம் மெல்லத் தள்ளினார். அவ்வளவுதான், அது கக்கியது. கத்தரிப்பூ நிறத்தில் கெட்டியான மை. முழங்காலுக்குக் கீழே என் வேட்டி முழுக்க ஊதா.

அட்டைக்கு மை கிடையாது. சீண்டினால் சில அட்டைகள் வெள்ளை நூலாகப் பசையை விடும், சில குடலையே வெளியே தள்ளும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சட்டென்று தெரியாத உருளை அது. தம்பி தள்ளிவிட்ட பிராணிக்கோ முழங்கால் தண்ணீருக்குள் போனதும் தலை நீண்டது. வாய் ஓரம் இரண்டு மடல், அதற்குப் பின்னால் காது மாதிரி நிமிர்ந்த இரண்டு குழல்கள். அந்தக் காதுகளால்தான் அதற்குக் கடல் முயல் என்று பேர் வந்தது. உண்மையில் அது நத்தை வகையறா. ஓடு குறுகி முதுகுத் தோலுக்குள் போய்விட்டது.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு வேட்டியைப் பற்றி வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே பொழுது சரியாக இருந்தது. (நாலைந்து துவைப்பில் கறை வெளிறிவிட்டது.) மகள் அப்போது கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. நான் செல்போனில் எடுத்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சாணி" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கடல் முயலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் படம் எடுத்தால் எந்த இனமாக இருந்தாலும் சாணிதான். காது சுருங்கிவிடும், மடல் ஒட்டிக்கொள்ளும், புள்ளிகள் மங்கிவிடும். நான் கற்ற முதல் பாடம் அது.

அடுத்த வாரம் அவளும் கூட வந்தாள். மனோரா கோட்டைக்குக் கிழக்கே, தண்ணீர் வற்றியிருந்த நேரம். நம் பாக் நீரிணையில் ஏற்ற வற்றம் பெரிதாக இருக்காது. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கொஞ்சம் வற்றினாலும் கடல் நன்றாகவே உள்வாங்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் அரை மணி நேரம் நடந்தபோது, கடல்புல்லுக்கு நடுவே உள்ளங்கை நீளத்தில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முன்பு பார்த்த கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெளிர் பழுப்பு உடம்பு, வழவழப்பான தோல், மேலே கறுப்பு வளையங்கள், வளையங்களை இணைத்துக் கறுப்புக் கோடுகள். முதுகின் இரு பக்கமும் அகலமான மடல்கள் சேலை முந்தானை போல மடிந்து விரிந்துகொண்டிருந்தன.

வளையம் என்று தேடினால் அப்ளைசியா டாக்டைலோமெலா என்ற பேர்தான் முதலில் வரும். பழைய புத்தகங்களிலும் அப்படித்தான். படம் அச்சாகப் பொருந்தியது. மகள் நோட்டில் அந்தப் பேரை எழுதினாள். நானும் பெருமையாகப் படத்தை நாலு பேருக்கு அனுப்பினேன். கடல் நத்தைகளை ஆராயும் ஒருவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவர் இரண்டே வரியில் பதில் போட்டார். டாக்டைலோமெலா அட்லாண்டிக் பக்கத்து இனம். நம் பக்கம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருப்பது அப்ளைசியா ஆர்கஸ்.

எனக்கு ஒப்பவில்லை. வளையம் இருக்கிறதே! ஒரு வாரம் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். மகள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். ஆர்கஸ் என்ற பேர் 1830இலேயே வைக்கப்பட்டது. பிறகு அதை டாக்டைலோமெலாவோடு சேர்த்துவிட்டார்கள். 2013இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இரண்டும் வேறு என்று பிரித்துக் காட்டியது. கூடவே இன்னொன்றும் சொன்னது: பசிபிக்கில் வளையம் இல்லாத காரணத்தாலேயே தனி இனம் என்று எண்ணப்பட்ட ஒன்று, வளையம் உள்ள ஆர்கஸேதான். ஒரே இனத்தில் சிலதுக்கு வளையம் இருக்கும், சிலதுக்கு இருக்காது.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இருபது வருஷமாக என் கடையில் நானே தினமும் சொல்கிற பேச்சுதான் இது. பயிர் மஞ்சளாகிவிட்டது, மருந்து கொடுங்கள் என்று வருவார்கள். மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவா, துத்தநாகமா, தண்ணீர் தேங்கி வேர் அழுகியதா, புகையான் பூச்சியா? நிறத்தை மட்டும் கேட்டு மருந்து கொடுப்பவன் ஏமாற்றுக்காரன். நெல்லில் வெண்கதிர் என்று சொன்னால், இழுத்துப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன். கதிர் லேசாகக் கையோடு வந்தால் தண்டு துளைப்பான். இழுத்துப் பார்க்காமல் வெள்ளையாயிருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடையில் இவ்வளவு பேசுகிறவன் கடற்கரைக்குப் போனதும் வளையத்தைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நிறத்தைக் கடைசியில் பார்ப்பது என்று ஆயிற்று. முதலில் பார்ப்பது முதுகு. அப்ளைசியா வகையில் பக்க மடல்கள் இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாக, முதுகுக்கு மேல் கதவு மாதிரி திறந்து மூடும். சில இனங்கள் அந்த மடலை வீசி நீந்தவே செய்யும். மடல் விலகும்போது உள்ளே மெல்லிய தகடு தெரியலாம், அதுதான் மிச்சமிருக்கும் ஓடு. கையில் எடுத்தால் காய்ந்த இறால் ஓடு போல வளையும்.

முதல் நாள் என் வேட்டியைக் கெடுத்த அந்தப் பெரிய கல் வேறு கதை. அதன் மடல்கள் ஏறக்குறைய முழுக்கவே ஒட்டிப்போய், முதுகில் ஒரு பிளவு மட்டும் இருக்கும். உடம்பு முன்னால் ஒடுங்கிப் பின்னால் பருத்து, கடைசியில் சாய்வான ஒரு தட்டில் முடியும். குலை வெட்டிய வாழையை அரிவாளால் சாய்த்து வெட்டினால் அடித்தண்டில் ஒரு தட்டு தெரியுமே, அதே தட்டு. இதை ஒரு தடவை பார்த்தவர் பிறகு எந்தக் கடல் முயலோடும் குழப்ப மாட்டார். பேர் டொலபெல்லா ஆரிகுலேரியா. டொலபெல்லா என்றால் லத்தீனில் சின்னக் கோடாரி. ஏன் கோடாரி என்று அப்போது புரியவில்லை. மறு வருஷம் கோடியக்கரையில் இராமர் பாதம் பார்த்துவிட்டுக் கடலோரம் நடந்தபோது, கிளிஞ்சல் குவியலில் கெட்டியான வெள்ளைத் துண்டு ஒன்று கிடைத்தது. ஒரு முனை தடித்துச் சுருண்டு, மறுமுனை தகடாக விரிந்து, குழந்தைகள் விளையாட்டுக் கோடாரியின் அலகு போலவே இருந்தது. டொலபெல்லாவின் உள் ஓடு. மற்ற கடல் முயல்களுக்கு ஓடு மெலிந்து போயிருக்க, இதற்கு மட்டும் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாக இருக்கும். சரணாலயப் பகுதியில் எதையும் பொறுக்கக் கூடாது என்று மகள் கண்டித்ததால் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே போட்டு வந்தேன். அந்தப் படம்தான் இன்றும் என் செல்போன் முகப்பில்.

டொலபெல்லா பகலில் சேற்றிலும் புல்லடியிலும் பதுங்கி, இருட்டியதும் மேய வரும். தம்பிக்கு ராத்திரி போடும் வலையில் அது சிக்குவதும், பகலில் நடக்கும் என் கண்ணில் படாததும் அதனால்தான்.

மைக்கு வருகிறேன். எல்லாரும் கேட்பது இதைத்தான்: ஊதா மை விட்டால் கடல் முயல், விடாவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. அந்த ஊதா அது தின்ற சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. பாசியின் நிறமியை உள்ளே மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பச்சைப் பாசியை மட்டும் தின்றிருந்தால் அதே இனத்திடம் ஊதா இருக்காது. காலையில் யாரோ சீண்டி ஏற்கெனவே கக்கியிருந்தாலும் பை காலி. அப்ளைசியா ஜூலியானா என்ற இனத்துக்கு ஊதா மையே கிடையாது, வெள்ளையாகக் கசியும். சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு தடவை அடையாளமே இல்லாத பழுப்பு நிற முயல் ஒன்றைத் தொட்டியில் விட்டிருந்தோம். திரும்ப எடுக்கப்போனால் முன்பாதி வருகிறது, வால் பக்கம் தொட்டியோடு பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. பாதத்தின் கடைசியில் உறிஞ்சி மாதிரி ஒட்டும் பகுதி இருப்பது ஜூலியானாவின் அடையாளம். மையும் விடவில்லை. நோட்டில் 'ஜூலியானாவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறோம். 'இருக்கலாம்' என்ற சொல்லை அடித்துவிட இன்றுவரை தைரியம் வரவில்லை.

மை விடுகிறதா என்று பார்ப்பதற்காகப் பிதுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிரி கடிக்க வரும்போது அதன் மூக்கையும் வாயையும் குழப்புவதற்காக அது வைத்திருக்கும் சரக்கு அது. நம் வேடிக்கைக்குச் செலவழிக்க வைத்துவிட்டால் அடுத்து நிஜமாகவே எதிரி வரும்போது அதனிடம் ஒன்றும் இருக்காது. அதற்கு ஆயுசே ஏறக்குறைய ஒரு வருஷம்தான்.

முத்துப்பேட்டையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வனத்துறை அனுமதியோடு ஜாம்புவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போயிருந்தோம். வாய்க்கால் ஓரம் சேற்றில் பாசிக் கொத்துகள் பத்துப் பன்னிரண்டு ஒன்றாகக் கிடந்தன. அதில் ஒரு கொத்து நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் எல்லாமே உயிர்! உடம்பு முழுக்கக் கந்தல் துணியைப் பிய்த்துத் தைத்தது போல இழை இழையாக. இடையில் மயில் நீலப் புள்ளிகள். பர்சடெல்லா லீச்சி என்ற கந்தல் முயல். வளர்ந்ததற்கு ஓடு கிடையாது. சேற்றின் மேல் படரும் நீலப்பச்சைப் பாசியை மேயும், கூட்டமாகச் சேரும்.

இங்கேயும் நான் வழுக்கி விழப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் மல்லிப்பட்டினத்தில் சுண்டுவிரல் நீளத்தில் நீலப் புள்ளியோடு ஒன்றைப் பார்த்ததும், கந்தலின் குட்டி என்றேன். மகள் குனிந்து பார்த்துவிட்டு, "கோடு இருக்குப்பா" என்றாள். உடம்பு நீளத்துக்கு மெல்லிய கறுங்கோடுகள், நீலப் புள்ளியைச் சுற்றி ஆரஞ்சு வட்டம், பின்னால் நீண்டு கூர்மையான வால். அது ஸ்டைலோகைலஸ் ஸ்ட்ரையேட்டஸ். இரண்டுக்கும் நீலப் புள்ளி உண்டு. நிறம் மறுபடியும் கவிழ்க்கப் பார்த்தது, கோடும் வாலும் காப்பாற்றின.

இப்போது நாங்கள் போகும் விதத்தைச் சொல்கிறேன், புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும். ஐப்பசி முதல் மார்கழி வரை போய்ப் பயனில்லை. வாடைக்காற்றில் நம் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும், ஆற்று வெள்ளமும் வந்து சேரும். தை கடைசியிலிருந்து தண்ணீர் தெளியும். காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ போடுங்கள். கால்களைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடங்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மேலே மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும். ஷூவை மதிக்காமல் போய்க் கெளுத்தி முள் ஏறி மூன்று நாள் கடையைத் திறக்காமல் கிடந்தவன் சொல்கிறேன்.

ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி போதும், சோறு வடிக்கிற அளவு. அதே இடத்துக் கடல் தண்ணீரை மொண்டு, இரண்டு கையாலும் அடியோடு ஏந்தி, மெல்ல விட வேண்டும். நம் நிழலிலேயே தொட்டியை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். இரண்டு நிமிஷத்தில் காதை நீட்டும், மடலை விரிக்கும். அப்போது மேலிருந்து முதுகு, பக்கவாட்டில் தலை, பின்னாலிருந்து வால் என்று எடுங்கள். தொட்டியின் சுவர் ஏறும்போது பாதத்தையும் எடுத்துவிடலாம், அதற்காகத்தான் அடுத்து கண்ணாடி மாதிரி தெளிந்த டப்பா வாங்கினோம். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், படத்திலிருந்தே நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். அளவு தெரியாத படத்தைப் பார்த்துக் குட்டியா, சின்ன இனமா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பாசியில் இருந்தது என்பதையும் எடுங்கள். இலையைக் கொண்டுவராமல் பூச்சியை மட்டும் காகிதத்தில் மடித்து வருகிற விவசாயியிடம் நான் சண்டை போடுவேன், அதே நியாயம்தான். ஐந்து நிமிஷத்துக்குள் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே இந்தக் கடல்புல் தரைகள் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகத்தை ஒட்டியவை. எதையும் வீட்டுக்குக் கொண்டு வரும் எண்ணமே வேண்டாம்.

மை தோலைச் சுடாது. கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். ருசி பார்க்கலாமா என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். பிலிப்பைன்ஸில் டொலபெல்லாவின் முட்டைச் சரத்தைச் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பிராணிகள் தின்கிற பாசியின் விஷத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். டொலபெல்லாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் அமைப்பு 1987இல் வெளியானது. உண்மையில் அதைச் செய்வது நீலப்பச்சைப் பாசி என்று பிறகு தெரிந்தது. அதை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் உருவாக்கிய ஒன்று இன்று நிணநீர்ப் புற்றுநோய் மருந்து ஒன்றில் சேர்கிறது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் சரக்கைக் குழம்பு வைக்க வேண்டுமா என்று கேட்டேன். விஷம் விற்கிறவன் பேச்சை அவர் நம்பினார்.

முட்டையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கடல்புல்லில் இடியாப்பம் ஒட்டியது போல மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று நூல் சிக்கல் கிடந்தால் நின்று தேடுங்கள், பெற்றது பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் நாலைந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு கிடப்பதையும் பார்க்கலாம். அந்த நேரத்தில் தொட்டியில் எடுக்காதீர்கள். மகள் அருகில் இருந்தால் நான் அப்போது நண்டு வாங்கப் போய்விடுவேன்.

நோட்டில் இதுவரை 41 பதிவுகள். அதில் இனம் வரை உறுதியாக எழுதியது பாதிகூட இல்லை. மீதி 'அப்ளைசியா' என்பதோடு நிற்கிறது. சின்னதாக, வெள்ளைப் புள்ளிக்குப் பழுப்புக் கரை போட்டது போல இருந்த நாலை மட்டும் அப்ளைசியா ஒகுலிஃபெரா என்று மகள் எழுதினாள். அதிலும் ஒன்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

போன மாசியில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, உங்க மொசலு ஏறியிருக்கு. வத்தையிலயே தண்ணியில போட்டு வச்சிருக்கேன்."

"எது?"

"முதுகு ஒட்டிப்போயிருக்கு, ஒரு கீறல்தான் தெரியுது. பின்னால தட்டு சாஞ்சிருக்கு. என்ன கலருன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம் தம்பி. விட்டுரு, அது டொலபெல்லா."

"இருங்கண்ணே, கூட இன்னொண்ணு கெடக்கு. இது என்னன்னே தெரியல."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். தொட்டியை மகள் முன்னாலேயே வாசலில் வைத்திருந்தாள்.